மச்சாது என்று பெயர் இருக்கிறது. பரிசோதனையில் போர்ச்சுகலைக் காணோமே?

கேட்டவர்: புன்னைக்காயல் பேத்தி

வணக்கம். நாங்கள் பரதவர். எங்கள் குடும்பப் பெயர் மச்சாது. அப்பா வழி புன்னைக்காயல், அம்மா வழி மணப்பாடு. அம்மா பிறந்த வீட்டில் எல்லோரும் பர்னாந்து. நான் வளர்ந்தது தூத்துக்குடியில், பனிமய மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். இப்போது வேலை நிமித்தம் பெங்களூரில் இருக்கிறேன்.

அப்பாவைப் பெற்ற ஆச்சி உயிரோடு இருந்தவரை ஒரே கதையைத்தான் சொல்வாள். மச்சாது என்ற போர்ச்சுகீசியத் தளபதி புன்னைக்காயலில் இறங்கி, நம் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், அவன் வம்சம்தான் நாம் என்பாள். ஆதாரம் கேட்டால் பெரியப்பாவைக் காட்டுவாள். அவருக்குப் பூனைக்கண். வெயிலில் நின்றால் முகம் செம்பருத்தியாகிவிடும். கல்யாணப் பேச்சு வந்தால் இந்தக் கதை இன்னும் கொஞ்சம் நீளும். ஒரு தடவை தளபதிக்குச் சொந்தக் கப்பலே வந்துவிட்டது.

என் கணவர் மதுரைக்காரர். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அதோடு முடிந்தது. "ஐரோப்பிய மகாராணி" என்று என்னைக் கிண்டல் செய்வதே அவருக்குப் பொழுதுபோக்கு. அதைத் தீர்த்துவைக்கலாம் என்று எச்சில் குழாயில் துப்பி, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். 99 சதவீதம் "தென்னிந்தியா, இலங்கை" என்றும், மீதி 1 சதவீதம் வகைப்படுத்த முடியவில்லை என்றும் முடிவு வந்திருக்கிறது. போர்ச்சுகல் மருந்துக்குக்கூட இல்லை. வீட்டில் கிண்டல் இரட்டிப்பாகிவிட்டது.

ஆச்சி சொன்னது முழுப் பொய்யா? அப்படியானால் இந்தப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது? இன்னொன்று: உறவினர் பட்டியல் என்று ஒன்று தந்திருக்கிறார்கள். கொழும்பு, நீர்கொழும்பு, டொரான்டோ என்று நான் கேள்விப்பட்டே இராத பர்னாந்துகளும் வாஸ்களும் ரொட்ரிகோக்களும் நெருங்கிய உறவு என்று வரிசையாக நிற்கிறார்கள். இவர்களெல்லாம் யார்?

பதில் 1: வேம்பார்க்காரன்

மகளே, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்தத் தளபதி கதையை வேம்பாரில் கேட்டிருக்கிறேன், வீரபாண்டியன்பட்டணத்தில் கேட்டிருக்கிறேன், உவரியிலும் கேட்டிருக்கிறேன். எல்லா ஊரிலும் தளபதிதான் வருகிறார். சமையல்காரரோ மாலுமியோ ஒரு வீட்டுக்கும் மூதாதையாக வருவதில்லை. அதிலிருந்தே கதையின் எடையை நீ தெரிந்துகொள்ளலாம்.

நடந்தது இதுதான். முத்துக்குளிப்புத் துறைகள் யார் கையில் என்பதில் நம்மவர்களுக்கும் கடல் வணிகத்தில் இருந்த முஸ்லிம்களுக்கும் பெரும் மோதல் மூண்டிருந்தது. அந்த நேரத்தில் ஜுவாம் த குரூஸ் என்ற குதிரை வணிகர், இவர் லிஸ்பனில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர், போர்ச்சுகீசியரிடம் போங்கள் என்று நம் தலைவர்களுக்கு யோசனை சொன்னார். தூதுக்குழு கொச்சிக்குப் போனது. பாதுகாப்புக்குப் பதிலாக மதம் மாறச் சம்மதித்தார்கள். குருக்கள் மிகேல் வாஸும் மற்றவர்களும் வந்து, 1536, 1537இல் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இருபதாயிரம் பேர் என்று பழைய கணக்குகள் சொல்கின்றன.

அத்தனை பேருக்கும் புதுப் பெயர் வேண்டுமே? கொடுத்தவர்களுக்குத் தெரிந்தது போர்ச்சுகீசியப் பெயர்கள் மட்டும்தான். ஞானத்தந்தையாக நின்றவர், படைத்தலைவர், குருவானவர் என்று யார் பெயர் கைக்கு அகப்பட்டதோ அது வீட்டுக்கு வந்தது. பர்னாந்து, கோமஸ், வாஸ், மிராந்தா, கல்தேரா, மோத்தா எல்லாம் அப்படித்தான். தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துவின் பெயரும் அந்த வரிசைதான். அவரை லிஸ்பன்காரர் என்று யாரும் சொல்வதில்லை.

சவேரியார் 1542இல் இங்கே வந்தபோது, நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று நம்மவர்களைக் கேட்டிருக்கிறார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்று கடிதம் எழுதினார். ஆக, சமயம் உள்ளே இறங்குவதற்கு முன்பே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரே 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவர் என்ற மீனவச் சமூகத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்த விதத்தையும் விவரிக்கிறார்: ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுப்பார், ஆண்கள் வீட்டுக்குப் போய் மனைவி மக்களை அனுப்பிவைப்பார்கள், அவர்களுக்கும் அதே மாதிரி. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல். இந்த வேகத்தில் ரத்த உறவுக்கு எங்கே நேரம் இருந்தது?

உன் ஆச்சியை முழுக்கப் பொய்க்காரியாக்கவும் எனக்கு மனமில்லை. புன்னைக்காயலில் போர்ச்சுகீசியருக்கு மண்கோட்டையும் அதற்கொரு தளபதியும் இருந்தது உண்மை. போர்ச்சுகீசியக் குருவான அண்டிரிக் அடிகளார் பல்லாண்டு வாழ்ந்து 1600இல் இறந்ததும் உங்கள் ஊரில்தான். வெள்ளைக்காரர் நடமாடாத ஊரல்ல அது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை ஒரு நூற்றாண்டுக்குமேல் போர்ச்சுகீசியர் இந்தக் கரையில் இருந்தார்கள். அங்கொரு வீட்டில் இங்கொரு வீட்டில் கலப்பு நடந்திருக்கலாம். ஆனால் பெயர் இருப்பது மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது.

பதில் 2: சோதனைக்குழாய்

நான் மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பெரியவர் சொன்ன வரலாற்றோடு உங்கள் முடிவு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த முடிவை வைத்து "போர்ச்சுகீசிய மூதாதை இல்லை" என்று சொல்லிவிட முடியாது. உங்கள் கணவரிடம் அவ்வளவு சீக்கிரம் தோற்க வேண்டாம்.

நீங்கள் செய்தது எல்லா மூதாதையரிடமிருந்தும் வந்த மரபணுவைக் கலந்து பார்க்கும் சோதனை. பாதி அப்பா, பாதி அம்மா, தாத்தா பாட்டி ஒவ்வொருவரும் ஏறக்குறைய கால் பங்கு என்று தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். 1537 முதல் இன்றுவரை, தலைமுறைக்கு முப்பது ஆண்டு வைத்தால் பதினாறு தலைமுறை. அந்தப் படியில் உங்கள் வம்ச மரத்தில் 65,536 இடங்கள் இருக்கின்றன. ஆனால் மரபணு தூளாகக் கரைந்து வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. பதினாறு தலைமுறைக்கு முந்தையவர்களிடமிருந்து உங்களிடம் வந்து சேர்ந்திருப்பது ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள்தான். ஆக அந்த 65,536 இடங்களில் பெரும்பாலானவை உங்களுக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை. ஆச்சியின் தளபதி உண்மையாகவே இருந்து, மரத்தில் ஓரிடத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தால், அவர் இந்தப் பரிசோதனையில் தெரியாமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம். உங்களுக்குள் சொந்தத்தில் திருமணம் வழக்கம் என்பதால் ஒரே ஆள் பல இடங்களில் வந்திருக்கலாம். அப்போது வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

நிறுவனங்கள் சில நேரம் "ஐபீரியா (ஸ்பெயின், போர்ச்சுகல்) 1 சதவீதம்" என்று காட்டுவதையும் நம்பிக் கொண்டாட வேண்டாம். அவ்வளவு சிறிய அளவு பெரும்பாலும் கணக்கீட்டில் தற்செயலாக வரும் பிழை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒய் குரோமோசோம். அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும், ஏறக்குறைய மாறாமல் போகிறது. குடும்பப் பெயரும் அதே பாதையில்தான் போகிறது. உங்களிடம் அது இல்லை. உடன்பிறந்த சகோதரரோ பெரியப்பா மகனோ சோதித்துக்கொள்ள வேண்டும். போர்ச்சுகலில் பாதிக்குமேற்பட்ட ஆண்களிடம் ஆர்1பி என்ற வகை இருக்கிறது. தென்னிந்தியாவில் அது அரிது. இங்கே எச், எல், ஆர்2, ஜே2, ஆர்1ஏ போன்றவைதான் பரவலாக உள்ளன. எச் அல்லது எல் வந்தால், மச்சாது என்ற பெயரைச் சுமந்துவந்த ஆண்வழி இந்த மண்ணினுடையது என்று சொல்லலாம். ஆர்1பி வந்தால் சுவாரசியம்தான். ஆனாலும் உடனே லிஸ்பனுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். தூத்துக்குடியில் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள், அவர்களிலும் ஆர்1பி மிகுதி. உட்பிரிவுவரை போய்ப் பார்த்தால்தான் தெளிவாகும். ஜே2 வந்தால் இன்னும் சிக்கல், அது இரண்டு பக்கமும் உண்டு.

பெரியப்பாவின் பூனைக்கண்ணை ஆதாரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வெளிர் நிறக் கண் இந்தியாவில் பல சமூகங்களில் ஐரோப்பியத் தொடர்பே இல்லாமல் தென்படுகிறது.

பதில் 3: கொச்சிக்கடைப் பொடியன்

அக்கா, உங்கள் பட்டியலில் நிற்கிற நீர்கொழும்பு பர்னாந்துகளில் என் வீட்டாரும் இருக்கலாம். எங்கள் பூட்டனார் தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்து கொழும்பில் கடை போட்டவர். இலங்கையில் எங்களைப் பரதர் என்று குடிசன மதிப்பீட்டில் தனிப் பிரிவாகவே எழுதுகிறார்கள்.

ஆனால் ஒரு விசயத்தில் கவனமாக இருங்கள். இங்கே பர்னாந்து என்றால் எல்லோரும் தூத்துக்குடி ஆட்கள் இல்லை. சிங்களக் கரையோரச் சமூகத்திலும் அது மிகச் சாதாரணமான பெயர். அவர்களுக்கும் போர்ச்சுகீசியர் காலத்து ஞானஸ்நானத்தில் வந்ததுதான். பெயர் ஒன்று, சொந்தம் வேறு. உண்மையிலேயே போர்ச்சுகீசிய மூதாதையர் உள்ளவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டக்களப்புப் பறங்கியர் இருக்கிறார்கள். அவர்களில் முதியவர்கள் இப்போதும் வீட்டில் போர்ச்சுகீசியக் கலப்பு மொழி பேசுவார்கள். அவர்கள் பெயர்களையும் நம் பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

"நெருங்கிய உறவு" என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். எனக்கு மூன்றாம் நிலை உறவு என்று காட்டிய டொரான்டோ அண்ணர் ஒருவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பூட்டன், ஓட்டன் வரை போயும் பொது ஆள் கிடைக்கவில்லை. அத்தை மகள், மாமன் மகன் என்று நூற்றாண்டுக்கணக்காகத் தங்களுக்குள்ளேயே கட்டிய சமூகத்தில், தூரத்து உறவுகள் பல வழியாக வந்து கூடிவிடும். மென்பொருள் அதை ஒரே கிட்டின உறவு என்று எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்: புன்னைக்காயல் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் கேட்டுவிட்டேன். "முடிவு எச் என்று வந்தால் ஆச்சியின் கல்லறையில் போய் நீதான் சொல்ல வேண்டும்" என்ற நிபந்தனையோடு துப்பச் சம்மதித்திருக்கிறான். சோதனைக்குழாய் அவர்களே, கணவருக்கு உங்கள் 65,536 கணக்கைப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் எனக்கும் ஒரு தளபதி இருக்கலாமே" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

வேம்பார் ஐயா, கோவில் பதிவேடுகளில் தேடினால் எவ்வளவு காலம் பின்னால் போகலாம்? பங்குச் சாமியாரிடம் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 4: வேம்பார்க்காரன்

உன் மாப்பிள்ளை சொல்வது சரிதான், அவருக்கும் இருக்கலாம். அவர்கள் வீட்டில் பெயர் இல்லாததால் கதை இல்லை.

பதிவேடு 1537வரை போகும் என்று எதிர்பார்க்காதே. அந்தக் காலத்து ஓலையும் தாளும் கடல் காற்றிலும் சண்டையிலும் போய்விட்டன. நல்ல பங்காக இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பிடிக்கலாம். அந்த நூற்றாண்டில் போர்ச்சுகல் அரசரின் ஆதரவில் இருந்த பதுரவாதோ கோவில், நேரடியாக ரோமுக்குக் கீழிருந்த புரொபகாந்தா கோவில் என்று நம் ஊர்கள் இரண்டுபட்டுக் கிடந்ததால், ஒரே குடும்பத்தின் பதிவு இரண்டு இடத்தில் சிதறியிருக்கும். இரண்டையும் கேள். அதற்குமேல் வேண்டுமென்றால் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இயேசு சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போ.

ஞானஸ்நானப் புத்தகத்தில் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களை விடாமல் எழுதிக்கொள். அவை பெரும்பாலும் சொந்தக்காரர்களாக இருக்கும். அதைவிட முக்கியம் கல்யாணப் புத்தகம். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதற்கு மேற்றிராணியாரிடம், அதாவது ஆயரிடம், விலக்கு வாங்க வேண்டும். எந்த முறை உறவு, எத்தனையாவது படி என்று ஓரத்தில் குறித்திருப்பார்கள். பல இடங்களில் அது லத்தீனில் சுருக்கெழுத்தாக இருக்கும், சாமியாரையே படித்துச் சொல்லச் சொல். அந்த ஓரக் குறிப்பு ஒன்று கிடைத்தால் இரண்டு தலைமுறை ஒரேயடியாகத் திறக்கும். கொழும்புப் பையன் சொன்ன சிக்கலும் அதில் கொஞ்சம் அவிழும்.

ஒரு எச்சரிக்கை. பெயரை மச்சாது என்று மட்டும் தேடாதே. எழுதியவர் காதில் விழுந்தபடி மச்சாடோ, மசாது என்றும் இருக்கும். சில பக்கங்களில் குடும்பப் பெயரே இல்லாமல் "சந்தியாகு மகன் அந்தோணி" என்று முடிந்திருக்கும். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை நம்பிப் போகாமல், ஞானஸ்நானப் பெயரையும் கல்யாணம் நடந்த கோவிலையும் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போ. பெரியப்பா இருக்கிறாரே, இந்த வாரமே கேட்டுவிடு.