ரோக்ஸா, ஜிம்னியா, கூர்காவா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீடு பொள்ளாச்சி, வேலை வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்புறம் நாலு கிலோமீட்டர் மண்தடம். ஜூலையில் அது வெறும் சேறு. பழைய ஜீப்புக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. புது வண்டிக்கு மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் ரோக்ஸ், ஃபோர்ஸ் கூர்கா.

மனசு முதலில் போனது ஜிம்னியிடம். எடை சுமார் 1,200 கிலோதான், சேற்றில் லேசாகப் போய்விடும். எல்லா மாடலிலும் ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி) உண்டு. ஆனால் டீசல் இல்லை. 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் 134 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்), நாலு பேரோடு மலை ஏறும்போது திணறுமா? டிக்கியும் 208 லிட்டர்தான். இரண்டு பெட்டி வைத்தால் தீர்ந்தது.

தார் ரோக்ஸில் இடம் தாராளம், மேல் மாடல்களில் குளிர்காற்று வரும் சீட்டும் உண்டு. ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமென்றால் டீசல்தான், விலையும் எகிறுகிறது. பின்சீட்டில் குலுக்கல் அதிகம் என்கிறார்கள். அம்மாவுக்கு 71 வயது, முதுகுவலி வேறு. இதுதான் என் பெரிய கவலை.

கூர்காவில் முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக் (ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றாலும் மற்றதும் சேர்ந்து இழுக்கும்), 233 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி). காட்டுக்கு ராஜா, சரி. ஆட்டோமேட்டிக் கிடையாது, அம்மா ஏற ஸ்டூல் போட வேண்டியிருக்கும்!

ரோக்ஸ் பின்சீட்டில் பெரியவர்களை வைத்து மலைப்பாதையில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஜிம்னி வைத்திருப்பவர்கள், மலையில் உண்மையில் என்ன மைலேஜ் வருகிறது என்றும் சொல்லுங்கள். ஷோரூம்காரர் கணக்கு வேண்டாம்.