தாடிப் பாசிக்கு இருட்டா, பெராக்சைட்டா?

தெஹிவளைத் தொட்டி:
2 அடி மீன் தொட்டி, மேற்கு ஜன்னலோரம். லைட் 10 மணித்தியாலம் எரிகிறது. அனுபியாஸ் என்ற தண்ணிச் செடியின் இலை ஓரமெல்லாம் கறுத்தத் தாடிபோலப் பாசி, உரஞ்சினாலும் வருவதில்லை. கடையில் ‘டேங்க் கிளீனர்’ மீன் ஒன்றை விடச் சொல்கிறார்கள். விடலாமா?

மட்டக்குளி:
விட வேண்டாம். அது ஓர் அடிக்கு மேல் வளரும் மீன். தாடிப் பாசியைத் தொடாது, கழிவைத்தான் கூட்டும். தொட்டியைக் கறுப்புத் துணியால் 3 நாள் முழுதாக மூடுங்கள். பிறகு டைமர் போட்டு லைட்டை 6 மணித்தியாலத்துக்கு இறக்குங்கள். கொழும்பில் வருஷம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம். ஜன்னல் வெயிலைக் கணக்கெடுக்காமல் லைட்டையும் எரித்தால் பாசி வராமல் என்ன செய்யும்?

வேர்ச்செடி:
மீன் விஷயம் சரி. 3 நாள் இருட்டு பிழை, அது பச்சைத் தண்ணிக்கு, அதாவது மிதக்கும் பாசியால் தண்ணியே பச்சையாவதற்குரிய வைத்தியம். தாடிப் பாசி பார்வைக்குத்தான் கறுப்பு, இனத்தால் செம்பாசி. ஒரு கொத்தைக் கிள்ளி ஸ்பிரிட்டில் போட்டுப் பாருங்கள், சிவந்துவிடும். மங்கலான ஒளியிலும் பிழைக்கும். இருட்டில் முதலில் வாடுவது செடிதான்.

இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைட்தான். பில்டரை நிறுத்தி, தண்ணி அசைவு அடங்கியதும், ஊசியில்லாத சிரிஞ்சால் 3 வீதப் பெராக்சைட்டைப் பாசிக்கு மேலேயே மெதுவாக விடுங்கள். 4 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர். கல், மண் போக உங்கள் தொட்டியில் 45 லீற்றர் இருக்கும், ஆக மொத்தம் 11 மில்லிலீற்றர். பத்து நிமிஷத்தில் பில்டரைப் போட்டு, கால்வாசித் தண்ணி மாற்றுங்கள். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாகும், பிறகு உதிரும். போத்தலில் ‘20 வொலியூம்’ என்றிருந்தால் அது 6 வீதம், அளவைப் பாதியாக்குங்கள்.

மட்டக்குளி:
செம்பாசி என்பதை ஏற்கிறேன். இந்தப் பாசிக்கு இருட்டு உதவாது, அதை விடுகிறேன். ஆனால் பெராக்சைட் இருக்கிற கொத்தைத்தான் கொல்லும், வந்த காரணம் அப்படியே கிடக்கும். அதே இலையில் மறுபடி முளைக்கும். அளவு தவறினால் இறால்தான் முதலில் சாகும். ஜன்னலை மறைக்காமல் மருந்தை மட்டும் விடுவது ஓட்டைக் கூரையின் கீழ் வாளி வைக்கிற வேலை.

வேர்ச்செடி:
காரணம் ஒளி மட்டுமில்லை. இந்தப் பாசி எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்: பழைய இலையின் ஓரம், பில்டர் வாய், மரக்கட்டை. அடைத்த பில்டர் ஸ்பொஞ்சும் மிஞ்சிய தீனும் உள்ள தொட்டியில் லைட்டை 6 மணித்தியாலமாக்கினாலும் அது நிற்கும். ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே பிழியுங்கள். பைப் தண்ணியில் குளோரின் இருக்கிறது, நல்ல பக்டீரியாவைக் கொன்றுவிடும். தீன் 2 நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். முக்கால்வாசி மூடிப்போன அனுபியாஸ் இலையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அடியோடு வெட்டுங்கள்.

மட்டக்குளி:
அதோடு தொட்டியின் பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். மீன்தான் வேண்டுமென்றால் சியாமிஸ் பாசிதின்னி இந்தப் பாசியைத் தின்னும். கறுத்தக் கோடு வால் நுனிவரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாலுக்கு முன்னே நின்றால் அது வேறு மீன். ஆனால் 15 சென்ரிமீற்றர் வரை வளரும், 2 அடித் தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

வேர்ச்செடி:
நானும் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் செடியைக் கூட்டுங்கள். நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்ட்டி குறைந்த வெளிச்சத்திலும் வளரும். நட்டதும் இலையெல்லாம் கரைந்து விழலாம், செத்ததென்று பிடுங்க வேண்டாம். வேர் உயிரோடிருக்கும், சில வாரத்தில் புது இலை விடும். கரைந்த இலையை மட்டும் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.