ஹேரோ, லியாண்டர் நாணயம்: எந்த ஊருடையது?

வணக்கம். ரோமானிய மாகாண நாணயங்களில் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் படங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

வெண்கலம். பின்பக்கத்தில் ஒரு கோபுரம், அதன் உச்சியில் விளக்கை நீட்டியபடி ஒரு பெண். கீழே ஒருவன் நீந்தி வருகிறான். முன்னே நீட்டிய கையும் தலையும் தேயாமல் தெளிவாக இருக்கின்றன. கிரேக்கக் காதலர்களான ஹேரோ, லியாண்டர் கதைதான், அதில் சந்தேகமில்லை. அவள் காட்டும் விளக்கை நம்பி இரவில் நீந்தி வந்த லியாண்டர், விளக்கு அணைந்த இரவில் மூழ்கிப்போன கதையைக் கட்டைவிரல் அகல உலோகத்தில் அடக்கியிருக்கிறார்களே, பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காட்சியை ஹெலஸ்பாண்ட் நீரிணையின் (இன்றைய துருக்கியின் டார்டனெல்ஸ்) இரு கரைகளிலும் அச்சடித்திருக்கிறார்கள். ஆசியக் கரையில் லியாண்டரின் ஊர் அபிடோஸ், எதிரே ஹேரோவின் ஊர் செஸ்டோஸ். ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய விளிம்பு மழுங்கிவிட்டது. கிரேக்கத்தில் 'எபி' என்ற எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. அதற்கடுத்து உள்ளூர் அதிகாரியின் பெயர் வரும். அதைப் படிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முன்பக்கத் தலை தாடியோடு இருக்கிறது. ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் (ஆட்சி கி.பி. 193–211) என்று நினைக்கிறேன், ஆனால் அவர் மகன் கரகல்லாவும் தாடிக்காரர்தான்.

அப்புறம் இன்னொன்று: பக்கவிளிம்பின் படத்தையும் சேர்த்திருக்கிறேன். அங்கே ஓடும் மெல்லிய கோடு வார்ப்புத் தையலா, அதாவது உலோகத்தை உருக்கி ஊற்றும் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடா? அப்படியென்றால், அச்சால் அடிக்காமல் வார்த்த போலியாக இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். எடை, விட்டம் வேண்டுமென்றால் அளந்து போடுகிறேன்.