கழுத்து வலி: விண்ட்சர்ஃபிங்கை விட்டு டிங்கி பாய்ப்படகுக்கு மாறலாமா?

கோடைக்கச்சான்:

வணக்கம். இருப்பது கொடைக்கானலில், விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று ஓட்டுவது) செய்வது மண்டபம் பக்கம் கடலில். எம்ஆர்ஐயில் கழுத்தில் சி5-சி6 எலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரை மின்னல் மாதிரி இழுக்கிறது. கையில் பலம் குறையவில்லை. விண்ட்சர்ஃபிங் வேண்டாம், வலி அடங்கிய பிறகு கழுத்தை ஒரே பக்கம் பிடித்துவைக்காத விளையாட்டு எதுவானாலும் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். டிங்கிக்கு, அதாவது சிறிய பாய்ப்படகுக்கு, மாறினால் கழுத்து தப்புமா? பழைய ஐஎல்சிஏ (லேசர் என்று அழைக்கப்பட்ட ஒற்றையாள் டிங்கி) ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? இங்கே ஏரியிலேயே பழக முடியுமா?

பாய்க்கயிறு:

தப்பும். ஆனால் டிங்கி என்பதற்காக மட்டும் தப்பாது. ஓட்டும்போது கண் எங்கே போகிறதோ அங்கேதான் கழுத்தும் போகும். படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

விண்ட்சர்ஃபிங்கில் கால் இரண்டும் ஸ்ட்ராப்பில், இடுப்பு ஹார்னஸில். உடம்பு பாயைப் பார்த்து நிற்கிறது, போகிற திசையோ தோள்பக்கம். ஆக, தலை மட்டும் தோளுக்கு மேல் திரும்பி, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அடுத்த திருப்பம் வரை அப்படியே நிற்கிறது. கழுத்தைத் திருப்பியபடியே பின்னால் சாய்த்தால், திரும்பிய பக்கத்தில் நரம்பு வெளியே வரும் துவாரம் குறுகும். அலை தட்டுகிற ஒவ்வொரு அதிர்வும் அந்த நிலையில்தான் இறங்குகிறது. அப்ஹால் கயிற்றால் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்குவதும், ஹார்னஸ் மாட்டியபடியே முன்னால் தூக்கி எறியப்படுவதும் இதற்கு மேல்.

டிங்கியிலும் பக்கவாட்டில்தான் உட்காருகிறோம். ஆனால் இங்கே இடுப்பைக் கட்டிப்போட எதுவும் இல்லை. முன்பக்கத் தொடையைப் படகின் மூக்குப் பக்கம் திருப்பி, நெஞ்சையும் 45 பாகை அளவுக்கு முன்னால் திருப்பி உட்கார்ந்தால் கழுத்துக்கு மிஞ்சுவது பாதித் திருப்பம்தான்.

உங்களுக்குத் தொந்தரவு இடது கையில். காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்போது இடப்பக்க விளிம்பில் உட்காருவீர்கள், படகின் மூக்கு உங்கள் இடது தோள்பக்கம் வரும். சிக்கல் அந்தப் போக்கில்தான். அதில் நீளமாக ஓடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டாக் (படகின் மூக்கைக் காற்றுக்கு ஊடாகத் திருப்புவது) அடித்துப் பக்கம் மாறுங்கள், தூரம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

ஐஎல்சிஏ வேண்டாம். நல்ல படகுதான், உங்கள் கழுத்துக்கு ஆகாது. பூம், அதாவது பாயின் அடிக்கட்டை, மிகத் தாழ்வு. பாயை இறுக்கி எதிர்க்காற்றில் போகும்போது இன்னும் இறங்கும். ஒவ்வொரு டாக்கிலும் தலையை மடக்கி நுழைய வேண்டும். காற்று 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகத்தைத் தாண்டினால் வெளியே சாய்ந்து ஹைக்கிங் செய்யாமல் முடியாது. அப்போது ஐந்து கிலோவுக்குக் கிட்ட இருக்கிற தலையைக் கழுத்தின் முன்தசை மட்டுமே தாங்குகிறது. முன்பாயும் இல்லாததால் பாயைப் படிக்க அண்ணாந்தே பார்க்க வேண்டும்.

இரண்டு பேர் ஓட்டும், முன்பாய் உள்ள படகு தேடுங்கள். என்டர்பிரைஸ் நம் நாட்டில் பழகிய வகை. 4.04 மீட்டர் நீளம், குறுக்கே உட்காரப் பலகை உண்டு, ட்ரபீஸ் (படகுக்கு வெளியே தொங்க உதவும் கம்பி) கிடையாது. ட்ரபீஸ் உள்ள எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கம்பியில் தொங்கும்போது தலையைத் தாங்க ஆளில்லை. ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகில் (கேட்டமரான்) பூமுக்கு அடியில் முட்டி போட்டு ஊர வேண்டும், அதுவும் வேண்டாம்.

அண்ணாந்து பார்ப்பதைக் குறைக்க, மாஸ்ட் (பாய்மரம்) உச்சியில் இருக்கும் காற்றுக்கொடியை மறந்துவிடுங்கள். மாஸ்டின் இரண்டு பக்கத் தாங்குகம்பியிலும், உட்கார்ந்தால் கண் மட்டத்தில் வரும் இடத்தில், 20 சென்டிமீட்டர் பழைய ஆடியோ கேசட் நாடாவைக் கட்டுங்கள். கம்பளி நூல் நனைந்தால் கம்பியில் ஒட்டிக்கொள்ளும், நாடா ஒட்டாது. முன்பாயின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் பின்னால் இரண்டு பக்கமும் டெல்டேல் (காற்றோட்டம் காட்டும் நாடா) ஒட்டினால் எதிர்க்காற்றில் பார்க்க வேண்டியதெல்லாம் முன்னாலேயே கிடைக்கும். உள்பக்க (காற்று வரும் பக்க) நாடா எழும்பினால் படகின் மூக்கைச் சற்றுக் காற்றிலிருந்து விலக்குங்கள், வெளிப்பக்க நாடா எழும்பினால் காற்றை நோக்கித் திருப்புங்கள்.

வில்பட்டி பிசியோ:

படகு வாங்குமுன் ஒரு சோதனை. வீட்டுத் திண்ணை விளிம்பில் பக்கவாட்டாக உட்கார்ந்து, மேலே சொன்னபடி இடுப்பைத் திருப்பி, படகின் மூக்கு இருக்க வேண்டிய திசையில் சுவரில் ஒரு குறி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 20 நிமிடம், பிறகு மறுபக்கம். கையில் மரமரப்போ இழுப்போ வந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீரிலும் அதே வரும், அங்கே நிறுத்துவது சுலபமில்லை.

வலி அடங்கிய பிறகு, மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ஆமாம் என்று தலையாட்டுவது போல மோவாயை மெல்ல உள்ளே வாங்கி 10 விநாடி பிடியுங்கள். 10 முறை. கழுத்தின் ஆழத்தசைக்கான பயிற்சி இது. கை வலி கூடினால் விட்டுவிடுங்கள்.

இவை வந்தால் படகுப் பேச்சே வேண்டாம், அன்றே டாக்டரிடம் போங்கள்: கை பலம் குறைதல், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் அடக்க முடியாமை, தலை குனியும்போது முதுகுத்தண்டில் ஷாக் அடித்தல்.

லைஃப் ஜாக்கெட்டையும் பாருங்கள். பின்னால் தடித்த காலர் உள்ளது தலையை முன்னால் தள்ளும். நீந்தத் தெரிந்தவர், கூட ஆள் இருக்கிறது என்றால் காலர் இல்லாத 50 நியூட்டன் வகை போதும்.

கோடைக்கச்சான்:

ரொம்ப நன்றி. ஐஎல்சிஏ வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஏரியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். காற்று குறைவுதானே, பழகச் சுலபமாக இருக்காதா?

பூம்பாறைக்காரர்:

முதலில், சொந்தப் படகை அனுமதி இல்லாமல் ஏரியில் இறக்காதீர்கள்.

அனுமதியே கிடைத்தாலும், உங்கள் கழுத்துக்கு அது சுலபமான தண்ணீர் இல்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓர் ஓடைக்கு அணை கட்டி உண்டாக்கிய ஏரி. அதனால்தான் நட்சத்திரம் மாதிரி பள்ளத்துக்குப் பள்ளம் கை நீட்டியிருக்கிறது. சுற்றிலும் மேடும் மரமும். ஒவ்வொரு கையிலும் காற்று ஒவ்வொரு பக்கத்திலிருந்து வரும், திடீரென்று விழும், திடீரென்று எழும். அடுத்த வீச்சு எங்கிருந்து என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்பாராத ஜைப்பும் (பின்காற்றில் திரும்பும்போது பூம் வீசி மறுபக்கம் போவது) அதிகம். கடலில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, பலமாக இருந்தாலும் ஒரே பக்கத்திலிருந்து வரும். உங்கள் கழுத்துக்கு அதுவே மேல்.

இன்னொன்று, 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். அதே வேகக் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் தள்ளும். இங்கே கை பழகிக் கீழே போனால் 10 நாட் காற்றே எதிர்பார்த்ததைவிட அழுத்தும்.

அதுவரை துடுப்புப் படகு போடலாம் என்று நினைக்காதீர்கள். துடுப்புப் போடுபவர் பின்பக்கம் பார்த்து உட்காருவதால், வழி பார்க்க ஒவ்வொரு முறையும் கழுத்தை முறுக்க வேண்டும்.

பாய்க்கயிறு:

பூம்பாறைக்காரர் சொன்ன ஜைப் பற்றி ஒரு சேர்க்கை. காற்று குதிக்கும்போது ஜைப் அடிக்காதீர்கள். எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஒரு டாக் அடித்து அதே திசைக்கு வாருங்கள். நேரம் போகும், பூம் தலையில் விழாது. இலகுவான தலைக்கவசம் போடுங்கள். கனமானது கழுத்துக்குத்தான் பாரம். டாக்கில் பூமுக்கு அடியில் போகும்போது கழுத்தை மடக்காமல் இடுப்பையும் முட்டியையும் மடக்குங்கள்.

பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு (மெயின் ஷீட்), கடற்கரையில் தாமான் என்பார்களே, அது 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லிய கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தோள் காதுவரை ஏறும். ரேட்சட் பிளாக் (கயிறு பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் கப்பி) போட்டால் பிடிபாரம் நன்றாகக் குறையும்.

கவிழ்ந்த படகை நிமிர்த்துவதைவிட, திரும்ப ஏறுவதுதான் கழுத்தைக் கெடுக்கும். விளிம்பைப் பிடித்து எம்பும்போது தலை பின்னால் போகும். உட்பலகையில் ஒரு கயிற்று வளையம் கட்டி வையுங்கள், தண்ணீருக்குள் முட்டி அளவில் தொங்கினால் காலை வைத்து ஏறலாம். மாஸ்ட் உச்சியில் மிதவை கட்டினால் படகு தலைகீழாகப் போகாது.

பூம்பாறைக்காரர்:

மாஸ்ட் நிறுத்துவதைக் கூட வருபவரிடம் விடுங்கள். அண்ணாந்து, கையை உயர்த்தி, காற்றில் ஆடும் கம்பத்தைக் குழிக்குள் இறக்குவது அன்றைய நாளின் மோசமான வேலை. படகைத் தூக்காமல் தள்ளுவண்டியில் இறக்குங்கள்.

மண்டபத்திலிருந்து அன்றே மலை ஏற வேண்டாம். இறுகிப்போன கழுத்தோடு வத்தலக்குண்டுக்கு மேல் வளைவுகளில் ஆடிக்கொண்டு வந்தால் படகில் காப்பாற்றியதெல்லாம் அங்கே போய்விடும். ராத்திரி கீழே தங்கி, காலையில் கழுத்தைச் சூடாகச் சுற்றிக்கொண்டு ஏறுங்கள்.