தங்கச்சிக்கு வரன் பதிய அடையாள அட்டை, ஜாதகம், முழு விலாசம் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஹட்டன் அண்ணன்:
இணையத் திருமண சேவை ஒன்றிலும் தரகர் ஒருவரிடமும் பதியப் போகிறோம். விலாசத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெயரும் டிவிசனும் (தோட்டப் பிரிவு) இருக்கிறது. பார்த்தவுடன் "தோட்டத்துப் பிள்ளைதானே" என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். எழுதாமல் விட்டால் மறைத்ததாகப் பேச்சு வரும். என்ன செய்யலாம்?

பதுளை வாசகி:
அடையாள அட்டையில்தான் கவனம் வேண்டும், அண்ணா. இலங்கை அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1998632 என்று தொடங்கினால் 132ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பதால் அது மே 11. அட்டை இலக்கம் கையில் இருந்தால் பிறந்த திகதியும் கையில் இருக்கிறது.

தரகரிடம் அட்டையை நேரில் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் படம் ஏற்றியே ஆக வேண்டுமென்றால் இலக்கத்தையும் விலாசத்தையும் மறைத்து, குறுக்கே "வரன் தேடும் சேவைக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதுங்கள்.

ஜாதகமும் அப்படித்தான். முதல் பொருத்தத்துக்கு நட்சத்திரம், பாதம், ராசி போதும். கட்டத்தைக் கொடுத்தால், திகதியை அழித்திருந்தாலும் சனியும் குருவும் நிற்கும் இடத்தை வைத்தே ஆண்டைப் பிடித்துவிடலாம். செவ்வாய் தோஷம் பார்க்கும் நிலை வரும்போது கட்டத்தைக் கொடுத்தால் போதும்.

பண்டாரவளை:
பேஸ்புக்கில் போட்ட படத்தைக் கொடுக்காதீர்கள். கூகுள் லென்ஸில் போட்டால் கணக்கே வந்து நிற்கலாம். புதிதாக எடுத்த படமாக இருக்கட்டும். பின்னால் லயமோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பாடசாலைப் பலகையோ தெரியக்கூடாது. வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புங்கள். டொகியுமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும். தொடர்புக்குத் தங்கச்சியின் இலக்கம் வேண்டாம், வீட்டுப் பெரியவருடையது போதும்.

தலவாக்கலை அக்கா:
தம்பி, மறைப்பது வேறு, பிறகு சொல்வது வேறு. "மலையகம், தோட்டத் தொழிலாளர் குடும்பம்" என்று தைரியமாக எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பின் தெரியாதவருக்குத் தேவையில்லாதது டிவிசனும் லய இலக்கமும்தான். இரண்டு வீட்டாரும் பேசத் தொடங்கியதும் அதைச் சொல்லலாம்.

முத்திரை குத்துவது பெரும்பாலும் தரகர் எழுதும் இரண்டு வரியில்தான் நடக்கும். "அடக்கமான பிள்ளை, சீதனம் எதிர்பார்க்க முடியாது" என்று அவரே எழுதி அனுப்பிவிடுவார். அந்த வரியைத் தங்கச்சியே எழுதட்டும்: படிப்பு, வேலை, எப்படிப்பட்டவரைத் தேடுகிறாள். எழுத்து மாறாமல் போக வேண்டும் என்று சொல்லி, அனுப்பும் செய்தியின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். சாதிக் கட்டத்தைக் காலியாக விடலாம். விடக்கூடாது என்று அடம்பிடித்தால் வேறு சேவையைப் பாருங்கள்.

ஹட்டன் அண்ணன்:
சம்பந்தம் முடிவானால் விவரத்தை அழிக்கச் சொல்ல முடியுமா?

பதுளை வாசகி:
2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அழிக்கக் கோரும் உரிமை இருக்கிறது. ஆனால் சட்டம் கட்டங்கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே "கேட்டால் அழிப்போம்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தரகர் குழுக்களுக்கு அனுப்பிய படத்தை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. குழுவில் போட வேண்டாம், கேட்கும் வீட்டாருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.