லண்டன் போனால் பப்புக்குப் போயே ஆக வேண்டுமா?

ஊர்சுற்றி_மதுரை: அடுத்த மாதம் மனைவியோடு லண்டனில் ஐந்து நாள். அவள் குடிப்பதில்லை, நான் எப்போதாவது. கேட்கிற ஆளெல்லாம் "ஒரு பப்புக்காவது போய்விட்டு வா" என்கிறார்கள். குடிக்கிற கடைக்கு எதற்கு ஒரு சாயங்காலத்தை ஒதுக்க வேண்டும்? சரியான காரணம் சொன்னால் போகிறேன்.

புளூம்ஸ்பரி_வாசி: 'தி லாம்ப்' போங்கள், அடக்கமான, இதமான பப். லாம்ப்ஸ் காண்டுயிட் தெருவில் இருக்கிறது, பிரிட்டிஷ் மியூசியத்தைச் சுற்றிக் கால் கெஞ்சுகிற நேரத்தில் கால் மணி நேரம் நடந்தால் வந்துவிடும். வெளியே பச்சை ஓடு பதித்த சுவர். உள்ளே லாடம் மாதிரி வளைந்த பார், அதன் மேல் முக உயரத்தில் பூவேலை செய்த சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள், விரலால் தள்ளினால் திரும்பும். 'ஸ்நாப் ஸ்கிரீன்' என்பார்கள், விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு, இன்று ஊரில் ஒருசில பப்புகளில்தான் மிச்சம். ஓரத்தில் பாலிபோன் என்று ஒரு பழைய இசைப்பெட்டி நிற்கும். உட்கார்ந்தால் சர்வர் வருவார் என்று காத்திருக்காதீர்கள், நாமே பாருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, கையில் எடுத்துவர வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடுத்தது யார் என்று பாரில் நிற்பவருக்குத் தெரியும், பணத்தை ஆட்டிக் கூப்பிட்டால் முறைப்பார். உங்களுக்கு அரை பைன்ட் பீர், 284 மில்லி. தங்கைக்கு லைம் சோடா, யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள்.

தயிர்சாதம்: எட்டு வருஷம் அங்கே குப்பை கொட்டியவன் சொல்கிறேன், வேண்டாம். பீர் வெதுவெதுவென்று இருக்கும். சைவம் என்றால் இன்னும் மோசம், ஒரு பப்பில் மாவுக்குள் காய்கறி அடைத்துச் சுட்ட 'பை' (pie) என்று கொடுத்தார்கள், நடுவில் ஐஸ் கரையவே இல்லை. அந்தப் பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற பசையைச் சேர்ப்பார்கள் என்பதாவது தெரியுமா? எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றோடு சரி.

புளூம்ஸ்பரி_வாசி: மீன் பசை விஷயம் உண்மை, மறுக்கவில்லை. எல்லாப் பீரிலும் கிடையாது, வீகன் எது என்று கேட்டால் சொல்வார்கள். ஆனால் 'வெதுவெது' அநியாயம். நீங்கள் சொல்கிற பீர் காஸ்க் ஏல். அது பீப்பாய்க்குள்ளேயே கடைசிவரை நொதித்துக்கொண்டிருக்கிற பீர், நிலவறையில் ஏறக்குறைய 12 டிகிரியில் வைத்து, மரக்கைப்பிடியை இழுத்து இழுத்துத்தான் மேலே ஏற்றுகிறார்கள். நம்மூரில் பல் கூச ஐஸில் முக்கிக் குடித்த நாக்குக்கு அது சூடாகத்தான் தெரியும். 1971-இல் காம்ரா என்று குடிப்பவர்களே சங்கம் வைத்து இந்தப் பீரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் ஐயா!

பர்மிங்ஹாம்_பாண்டி: பீரை விடுங்கள். அந்தக் கண்ணாடிக் கதவு எதற்கு வைத்தது என்று அண்ணன் சொல்லவே இல்லையே? பெரிய மனிதர்கள் குடிக்கிற முகத்தைப் பாரில் நிற்பவனும் எதிர்ப்பக்கத்து ஏழையும் பார்த்துவிடக் கூடாது என்று வைத்தது. பீர் ஒன்று, உட்காருகிற பக்கம் வேறு. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இங்கே பர்மிங்ஹாம் பக்கத்து ஸ்மெதிக் ஊருக்கு வந்தபோது 'புளூ கேட்ஸ்' பப்பில் 'ஸ்மோக் ரூம்' என்கிற தனி அறைப் பக்கம் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் ஊற்ற மாட்டார்கள். நம்மூர் இரட்டைக் குவளைதான், கண்ணாடிதான் கொஞ்சம் பளபளப்பு. அந்த வருஷக் கடைசியில் இனப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்த பிறகுதான் அது சட்டவிரோதம். அடக்கமான, இதமான பப் என்கிறீர்களே, யாருக்கு இதம்?

புளூம்ஸ்பரி_வாசி: அதற்காக இப்போது அந்தக் கதவைப் பெயர்த்து எறியலாமா?

பர்மிங்ஹாம்_பாண்டி: எறியச் சொன்னேனா? கதையோடு காட்டுங்கள் என்கிறேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம் செலவழிக்கத் தயார் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள், பர்மிங்ஹாமில் இறங்கி டிராம் பிடித்தால் வெஸ்ட் பிராம்விச். அங்கே 'தி வைன்' மாதிரி தேசி பப்புகள் இருக்கின்றன. நம் இந்தியக்காரர்கள் நடத்துகிறார்கள், கரியடுப்பில் வாட்டிய பலவகை இறைச்சி, மிக்ஸ்டு கிரில், புகையப் புகைய வரும், பக்கத்து மேசையில் கால்பந்துச் சட்டை போட்ட வெள்ளைக்காரத் தாத்தா 'நான்' ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். கதவை மூடினவர்கள் ஊரில் கடையையே வாங்கிவிட்டார்கள், எனக்கு அதுதான் பார்க்க வேண்டிய பப்.

தயிர்சாதம்: அங்கே பன்னீர் கிடைக்குமா?

பர்மிங்ஹாம்_பாண்டி: கிடைக்கும் ஐயா. இப்போதாவது வருவீர்களா?

ஊர்சுற்றி_மதுரை: மனைவியிடம் படித்துக் காட்டினேன். பன்னீருக்காக ரயிலேற மாட்டாளாம், மதுரையிலேயே இருக்கிறதாம். அந்தக் கண்ணாடிக் கதவை மட்டும் ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டுமாம், அந்தப் பக்கம் நிற்பவர் முகம் எப்படித் தெரியும் என்று. எத்தனை மணிக்குப் போனால் இடம் கிடைக்கும்?

புளூம்ஸ்பரி_வாசி: நாலு மணிக்குள் போய்விடுங்கள். ஆபீஸ் விட்டுவிட்டால் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும், கதவு இருக்கிற பக்கம் நெருங்கவே முடியாது.