பேசும்போது ஓர் ஊர், பாடும்போது வேறோர் ஊர்: பாப் பாடகர்களின் உச்சரிப்பு

கேள்வி:
பிரிட்டனின் பாப் பாடகர்கள் பலர் நேர்காணலில் தம் ஊர் உச்சரிப்போடு பேசுகிறார்கள். பாடத் தொடங்கியதும் அந்த ஊர் மறைந்து அமெரிக்க உச்சரிப்பு வந்துவிடுகிறது. பேச்சில் லண்டன் வாடை மாறாத அடெல் பாடும்போது இதைத் தெளிவாகக் கேட்கலாம். இது குரலின் இயல்பால் நேர்வதா, சந்தைக்காக அடையாளத்தை விட்டுக்கொடுப்பதா? சொந்த வட்டார உச்சரிப்பில் பாடுவதே நேர்மை என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துடையோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
குரலுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஒருவரின் வட்டாரத்தை நாம் எழுத்தொலிகளால் மட்டும் கண்டுகொள்வதில்லை. பேச்சின் ஏற்ற இறக்கமும் அசைகளின் நீட்டலும் குறுக்கலும்கூட அதைக் காட்டிக்கொடுக்கின்றன. பாட்டிலோ ஏற்ற இறக்கத்தை மெட்டும், அசையின் அளவைத் தாளமும் தம் வசப்படுத்திக்கொள்கின்றன. மேல்சுரங்களில் வாயை அகலத் திறக்க வேண்டியிருப்பதால் உயிரொலிகளின் நுண்ணிய வேறுபாடுகளும் மங்கிவிடும்.

மறுமொழி 2:
நண்பர் கூறியது ஊர் ஏன் மறைகிறது என்பதற்கு விடையாகும். அமெரிக்கா ஏன் வருகிறது என்பதற்கு அது போதாது. மொழியியலாளர் பீட்டர் டிரட்ஜில் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. தென் இங்கிலாந்தில் can't என்ற சொல்லைக் 'கான்ட்' என்று பேசுபவர் பாட்டில் 'கேன்ட்' என்கிறார். 'லைஃப்' என்பது 'லாஃப்' போல ஒலிக்கிறது. பேச்சில் விட்டுவிடும் ரகரத்தைப் பாட்டில் ஒலிக்கிறார். இன்னும் வியப்பானது, ரகரமே இல்லாத இடத்திலும் சிலர் அதைச் சேர்த்துப் பாடியதாக டிரட்ஜில் காட்டியதுதான். சொல்லில் இல்லாத எழுத்தைத் தொண்டையின் இயல்பு கொண்டுவராது. அரைகுறையாகக் கற்ற ஓர் உச்சரிப்பைப் பின்பற்ற முனைவோருக்கே அப்படி நேரும்.

ராக் இசையும் ப்ளூஸும் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்தும் கறுப்பின மக்களிடமிருந்தும் வந்தவை. அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் மெட்டோடு சேர்த்து உச்சரிப்பையும் கற்றார்கள். பீட்டில்ஸ் குழு 1963-இல் பாடியபோது மிகுதியாக இருந்த அமெரிக்கப் பாணி ரகரம் 1969-க்குள் பெரிதும் குறைந்தது. பிரிட்டிஷ் இசைக்கே உலகப் புகழ் கிடைத்தபின் அமெரிக்கரைப் போல ஒலிக்க வேண்டிய தேவை தளர்ந்தது. நியூசிலாந்துப் பாடகர்களை ஆராய்ந்த ஆண்டி கிப்சன் ஒரு படி மேலே சென்று, அமெரிக்கச் சாயல் இன்று எவரும் திட்டமிட்டு மேற்கொள்வதன்று, பாப் பாட்டின் இயல்பான வழக்காகவே ஆகிவிட்டது என்கிறார். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது: சொந்த ஊர் ஒலியில் பாடுவதற்குத்தான் இன்று தனி முயற்சி வேண்டும்.

மறுமொழி 3:
அந்த முயற்சிக்கு ஸ்காட்லாந்தின் ப்ரொக்லெய்மர்ஸ் சகோதரர்கள் நல்ல சான்று. 1987-இல் வந்த முதல் இசைத்தட்டிலேயே தம் உச்சரிப்பை மாற்றாமல் பாடினார்கள். 2006-இல் ஷெஃபீல்டின் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவும் தம் வட்டாரப் பேச்சோடு புகழ்பெற்றது. பேச்சுக்கு நெருக்கமான ராப்பில் ஊர் ஒலி இன்னும் எளிதாகத் தங்குகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஊர் ஒலியைத் துணிந்து காப்பவர்களையாவது நேர்மையானவர்கள் எனலாம் அல்லவா?

மறுமொழி 2 எழுதியவர்:
துணிவு என்பதை ஏற்கிறேன். நேர்மை என்ற சொல்லில்தான் தயங்குகிறேன். 1976-77-இல் எழுந்த பங்க் என்னும் கலக ராக் இசையின் பாடகர்கள் லண்டன் உழைக்கும் மக்களின் உச்சரிப்பை முன்னிறுத்தினர். அவர்களுள் பெயர்பெற்ற ஜோ ஸ்ட்ரம்மர் பிரிட்டிஷ் அயலுறவுத் துறை அலுவலரின் மகன், விடுதிப் பள்ளியில் படித்தவர். பிறப்பால் தமக்கு வாய்க்காத உச்சரிப்பை அவர் பாட்டுக்காகத் தேர்ந்தார். அதனால் அவர் பாட்டைப் போலி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. யாரோடு நிற்க விரும்பினார் என்பதை அந்த ஒலி சொல்கிறது. அமெரிக்க ஒலியில் பாடுபவரையும் இதே அளவுகோலால் மதிப்பிடுவதே முறை.